அன்பளிப்பா, திறையா?

(காட்பாடியில் தமிழன்பர் நடுவே ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



காட்பாடி என்றதும் தமிழ் நெஞ்சங்களில் முதற்கண் எழுவது மொழிஞாயிறு பாவாணரின் திருப்பெயரே. இவ்வூரின் விரிவுப் பகுதியில், வருவாய் குன்றிய நிலையிலும் ஆய்வு குன்றாமல் வாழ்ந்தார் அப்பெருமகனார். உலக முதற் செம்மொழி தமிழே என நாட்டும் அவர்தம் ஆங்கில நூல் 1966ஆம் ஆண்டு இங்கிருந்தே வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லையும் வேர்வரை தோண்டி, இது நம்முடையது, இது வந்து புகுந்தது எனப் பிரித்துக் காட்டினார். அதே ஊரில் இன்று ஒரு சொல்லைத் தோண்டிப் பார்க்கும் கடமை நமக்கு வந்துள்ளது. அஃது அயற்சொல் அன்று. 'அன்பளிப்பு' என்னும் தூய தமிழ்ச்சொல். சொல் தூயது, அதனுள் இன்று ஒளித்து வைக்கப்படும் பொருளோ அழுக்குடையது.

2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இவ்வூரைத் தமிழகமே திரும்பிப் பார்த்தது. காட்பாடியில் இயங்கிய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மண்டல அலுவலகத்தின் உயர்நிலைப் பொறியாளர் ஒருவர் இங்கே குடிக்கூலிக்கு எடுத்திருந்த வீட்டிலும், இராணிப்பேட்டையிலுள்ள அவர்தம் சொந்த வீட்டிலும் ஊழல் தடுப்புத் துறையினர் புகுந்து தேடினர். மூன்று கோடி உருவாவிற்கு மேற்பட்ட பணமும், மூன்று கிலோவிற்கு மேற்பட்ட பொன்னும், வெள்ளிப் பொருள்களும் கைப்பற்றப்பட்டன. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. எவரையும் குற்றவாளி என்று முத்திரை குத்துவது மேடையின் வேலையன்று. அது நயன்மன்றத்தின் வேலை. ஆயினும் நாள்தோறும் செய்தித்தாளில் அடுக்கி வைக்கப்பட்ட பணக்கட்டுகளின் படத்தைக் கண்ட காட்பாடி மக்களின் நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. பணம் எவ்வளவு என்பதன்று அக்கேள்வி. அது யார் தண்ணீர் என்பதே.

ஆம், அவையீர்! இம்மண்டலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இருக்கை பாலாற்றுக்குப் போட்ட காவற்பரண். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என வரிசையாக நிற்கும் தோல் பதனிடும் ஆலைகளுக்கு இசைவாணை தருவதும் புதுக்குவதும், கழிவுநீரை எடுத்து ஆய்வதும், தவறு கண்டால் மூடச் சொல்வதும் அவ்விருக்கையின் வேலை. அக்காவல் நெடுங்காலம் உறங்கியதன் விளைவைத்தான் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், உச்ச நயன்மன்றம் எடுத்துரைத்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிர்க்கு உதவாமற் போயிற்று என்னும் வேளாண் ஆய்வுக் கணக்கு அத்தீர்ப்பிலேயே இடம்பெற்றது. ஒவ்வோர் ஆலையும் 10,000 உருவா தண்டம் கட்ட வேண்டும் என்றும், கழிவைத் தூய்மை செய்யும் அமைப்பு இல்லாத ஆலை இயங்கலாகாது என்றும் நயன்மன்றம் ஆணையிட்டது. அதன் பின்னரும், 2015ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் பொதுக் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையத்தில் சேற்றுத்தொட்டியின் சுவர் இடிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். அதற்குக் கையூட்டே கரணியம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கண்காணிக்க வேண்டிய கண் ஒன்று இமை மூடினால் என்ன நேரும் என்பதற்கு அதனினும் பெரிய பாடம் வேண்டுவதில்லை. அவ்விமை மூடுதற்கு ஒருவன் தரும் கூலிக்குத்தான் இன்று 'அன்பளிப்பு' என்று பெயர்.

இப்பெயர் மாற்றம் புதியதன்று. குற்றம் ஒன்றாகவே நிற்க, பெயர்கள் மட்டும் வந்து வந்து போயின. நவாபுகளின் காலத்தில் அது 'நசர்' எனப்பட்டது. பின்பு 'இனாம்' எனவும் 'பக்சீசு' எனவும் வந்தது. வழக்கமாகிவிட்டது என்பதையே பெயராக்கி 'மாமூல்' என்றனர். குற்றத்தைச் செய்துவிட்டு, 'இது வழக்கந்தானே' என்று சொல்வதற்கு ஒரு சொல்லையே வைத்துக்கொண்ட திறமையை என்னென்பது! இப்போது அயற்சொற்கள் நாணுகின்றன. ஆகவே தமிழ்ச்சொல்லைத் தேடிப் பிடித்துள்ளனர். அன்பும் அளிப்பும் கூடிய அழகிய சொல்லை ஒரு களவின் மேல் போர்த்துகின்றனர். அயற்சொல்லை நீக்கி அவ்விடத்தில் தமிழ்ச்சொல்லை வைத்துவிட்டால் மட்டும் தமிழ்த்தொண்டு முடிந்துவிடாது. பொய்க்குப் போர்வையாகிய தமிழ்ச்சொல், அயற்சொல் கலப்பினும் பெரிய இழுக்கு. சொல்லைத் தூய்மை செய்வோர் அச்சொல்லின் பொருளையும் தூய்மை செய்யக் கடவர்.

தமிழன் ஈகையை அறியாதவன் அல்லன். ஈகையின் வகைகளைத் தனித்தனிச் சொற்களால் பிரித்து வைத்தவன் அவன். கொடை என்பது உடையவனிடமிருந்து இல்லாதவனுக்குச் செல்வது. பரிசில் என்பது புரவலனிடமிருந்து புலவனுக்கும் பாணனுக்கும் செல்வது. இரண்டும் மேலிருந்து கீழ்நோக்கி ஓடும் நீர். மொய் என்பது ஒப்பாரிடையே ஓடுவது. இன்று உன் வீட்டுத் திருமணத்திற்கு நான், நாளை என் வீட்டுத் திருமணத்திற்கு நீ என்று இருவரும் குறிப்பேட்டில் எழுதித் திருப்பிச் செய்வது. தோற்ற மன்னன் வென்ற மன்னனுக்குக் கட்டுவதோ திறை. திறை கீழிருந்து மேல்நோக்கி ஏறும். அது வற்புறுத்தலால் வருவது, அன்பால் வருவதன்று. கட்டுகிறவன் சிரித்துக்கொண்டே கட்டினாலும் அது திறையே.

இப்போது அளந்து பாருங்கள். ஆலை நடத்துவோர் ஒருவர், இசைவாணை புதுக்கும் திங்களில், அலுவலர் வீட்டுக்குத் தீவாளி இனிப்புப் பெட்டியும் அதனடியில் ஓர் உறையும் அனுப்புகிறார். அலுவலர் வறியவரா? இல்லை, ஆகவே அது கொடையன்று. அவர் பாட்டுப் பாடி வந்தாரா? இல்லை, ஆகவே அது பரிசில் அன்று. மொய் என்பார்களேல், அம்மொய்யை அவர் எதனால் திருப்பிச் செய்வார்? திங்கட் சம்பளத்திலிருந்தா? அல்லவே. அவர் கையிலுள்ள கையொப்பத்தாலும், கண்டும் காணாமற் போகும் பார்வையாலும், ஒரு கோப்பை மேலே எடுத்து மற்றொரு கோப்பை அடியில் செருகுவதாலும் திருப்பிச் செய்வார். அவை அவருடைய பொருளா? மக்கள் அவரிடம் ஒப்படைத்த பொருள். பிறர் பொருளை எடுத்துத் தம் மொய்க்கடனை அடைப்பதற்குத் தமிழில் களவு என்று பெயர். எஞ்சியது ஒன்றே: அது திறை. வள்ளுவப் பெருமான் கொடுங்கோன்மை அதிகாரத்தில், ஆட்சிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் கேட்பவனை வேலேந்திய வழிப்பறிக்காரனோடு ஒப்பிட்டதன் கருத்தும் இதுவே. வேல் கையில் உள்ளவன் மெல்லக் கேட்டாலும் அது கேள்வியாகாது.

கையூட்டு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஊட்டுவது அது. ஊட்டி உண்பவன் யார்? குழந்தையும் நோயாளியும். ஊட்டுகிறவன் நிறுத்தினால் உண்பவன் அழுவான். ஒருமுறை ஊட்டப்பட்ட அலுவலன் ஊட்டியவனை நோக்கியே வாய் திறந்திருப்பான். ஒரே சொல்லில் அவ்விழிவு முழுவதையும் வைத்தனர் நம் முன்னோர்.

இனி, காட்பாடிக்குக் கிழக்கே உள்ள ஆர்க்காட்டை நோக்குவோம். உலக வரலாற்றிலேயே அரசூழியர் அன்பளிப்பைப் பற்றிய பெரும்பாடம் அங்கேதான் எழுதப்பட்டது.

1751ஆம் ஆண்டு ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் பெற்றவன் இராபர்ட்டு கிளைவு. ஆறாண்டு கழித்து வங்காளத்தில் பிளாசிப் போருக்குப் பின் அவன் தனக்கென வாங்கிய பொருளுக்கு 'அன்பளிப்பு' என்றே பெயர். அவனைப் பார்த்து ஏனைக் குழும ஊழியரும் வாங்கினர். நவாபுகளை ஏற்றுவதும் இறக்குவதுமே அவர்கட்கு வாணிகமாயிற்று. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஓர் அன்பளிப்பு. இலண்டனிலிருந்த இயக்குநர்கள் அஞ்சி, ஊழியர் எவரும் அன்பளிப்பு வாங்குவதில்லை என்று உறுதி எழுதித்தர வேண்டும் என ஆணையிட்டனர். 1765இல் அவ்வுறுதியில் ஊழியரைக் கையெழுத்திடச் செய்தவன் அதே கிளைவுதான்! தான் உண்டு முடித்தபின் பந்தியை மூடியவன் அவன். பின்னர் 1773ஆம் ஆண்டு ஆங்கில நாடாளுமன்றம் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, குழும ஊழியர் இந்நாட்டு மன்னரிடமும் மக்களிடமும் அன்பளிப்புப் பெறுவதைத் தடை செய்தது.

தடை வந்ததும் களவு நின்றதா? பெயர் மாறியது. அன்பளிப்பு வாங்கினால்தானே குற்றம்? ஆகவே ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்குக் 'கடன்' கொடுத்தோம் என்று ஏடுகள் எழுந்தன. கொடுத்தது கொஞ்சம், எழுதியது மிகுதி, வட்டி அதனினும் மிகுதி. அக்கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி எழுதித் தரப்பட்டது. பால் பென்பீல்டு என்னும் குழும ஊழியன் தஞ்சை வருவாயின் மேலேயே தனக்கு உரிமை கேட்டான். அதற்கு இசையாத ஆளுநர் பிகட்டுப் பெருமகனை, 1776ஆம் ஆண்டு ஆகத்து 24ஆம் நாள், அவருடைய ஆட்சிக்குழுவின் பெரும்பான்மையரே சிறைப்பிடிக்கச் செய்தனர். மறுவாண்டு அவர் காவலிலேயே மாண்டார். ஓர் ஆளுநரையே சிறையில் தள்ளும் வலிமை அன்பளிப்புக்கும் அதன் மாற்றுப்பெயருக்கும் இருந்தது. 1785ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் எட்மண்டு பர்க்கு ஆங்கில நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நெடும்பேச்சு ஒன்று பேசினார். அவ்வட்டி அனைத்தையும் உழுது கட்டியவன் யார்? நவாபு அல்லன். பாலாற்றங்கரை உழவனும் அவனைப் போன்ற பிற ஆற்றங்கரை உழவரும் கட்டினர். கொடுத்தவனும் வாங்கியவனும் சிரித்தனர்; மூன்றாமவன் அழுதான். அன்பளிப்பு என்பது இருவர்க்கிடையே நடப்பதுபோல் தோன்றும். விலை கொடுப்பவன் எப்போதும் அங்கே இல்லாத மூன்றாமவனே.

இதனை உணர்ந்தே இற்றை விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. 1962இல் அமர்த்தப்பட்ட சந்தானம் குழு 1964இல் தன் அறிக்கையைத் தந்தது. கோப்பை விரைந்து நகர்த்துவதற்கென்றே மக்கள் பணம் கொடுக்கும் பழக்கத்தை அது வெளிப்படக் கூறியது. அதே 1964இல் நடுவண் அரசூழியர் நடத்தை விதிகள் வந்தன. தமிழகத்தில் ஊழல் தடுப்பு இயக்ககமும் அவ்வாண்டே அமைந்தது. தமிழ்நாட்டு அரசூழியர் நடத்தை விதிகள் 1973ஆம் ஆண்டின.

நடுவண் விதிகளின் 13ஆம் விதியைத் தமிழ்ப்படுத்திச் சொன்னால் அதன் நுட்பம் விளங்கும். ஊழியர் தாமும் வாங்கலாகாது; தம் குடும்பத்தினரையோ தம் சார்பில் இயங்கும் வேறெவரையுமோ வாங்கவிடலும் ஆகாது. அன்பளிப்பு என்பது பணமும் பொன்னும் மட்டுமன்று. இலவய ஊர்திச் செலவு, உணவு, தங்கல், பிற பணி, பணப்பயன் எதுவும் அதில் அடங்கும். திருமணம், ஆண்டுநாள், ஈமச்சடங்கு, சமயச்சடங்கு ஆகியவற்றின்போது உலக வழக்கப்படி உறவினர் தருவதை ஏற்கலாம். மதிப்பு வரம்பு கடந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும். அலுவல் தொடர்பு இல்லாத நண்பர்க்கும் இவ்விடம் உண்டு. வழிப்போக்கில் ஒருவேளை உணவும், ஊர்தியில் ஓர் இடமும் அன்பளிப்பாகக் கொள்ளப்படா. ஆனால் அலுவல் தொடர்புடைய ஒருவரிடமோ நிறுவனத்திடமோ ஆரவார விருந்தும், அடிக்கடி விருந்தும் தவிர்க்கப்பட வேண்டும். அனைத்திந்தியப் பணியினர்க்கு 2015இல் வரம்புகள் உயர்த்தப்பட்டன: 5,000 உருவாவுக்கு மேற்பட்டதை அரசின் ஒப்புதலின்றி ஏற்கலாகாது, உறவினரும் அலுவல் தொடர்பற்ற நண்பரும் தருவது 25,000 உருவாவைக் கடந்தால் அறிவிக்க வேண்டும். வெளிநாட்டுத் தலைவர் தரும் பரிசுப் பொருள்களை ஒப்படைப்பதற்கென்றே நடுவண் அரசில் தனிக் கருவூலம் உள்ளது. பரிசு அமைச்சர்க்கு அன்று, அவர் அமர்ந்த இருக்கைக்கு வந்தது என்பதே அதன் கருத்து.

தமிழனின் விருந்தோம்பலுக்கு இவ்விதிகள் பகையல்ல என்பதைக் கூர்ந்து நோக்குக. வெயிலில் வந்த ஆய்வாளருக்கு ஒரு குவளை மோர் தருவதை எவ்விதியும் தடுக்கவில்லை. தோட்டத்துப் பூசணிக்காயைச் சிற்றூர் அலுவலர்க்குக் கொண்டுவரும் கிழவியின் நன்றியை ஏளனம் செய்ய எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் அக்கிழவிக்கு முதியோர் உதவித்தொகை அவளுடைய உரிமை; பூசணிக்காய் அதன் விலையன்று என்று சொல்லி, கைகூப்பித் திருப்பித் தரும் அலுவலரே அவளுக்கு உண்மையான மதிப்புச் செய்தவர். வாங்கிக்கொண்டால் அடுத்த கிழவி பூசணிக்காய் இல்லாமல் வர அஞ்சுவாள். பூசணிக்காய் கோழியாகும், கோழி உறையாகும். மாமூல் பிறக்கும் வழி இதுவே.

'எந்தச் சலுகையும் காட்டவில்லை. நண்பர் அன்பால் தந்தார்' என்பதே எங்கும் சொல்லப்படும் விடை. இவ்விடையைச் சட்டம் முன்னரே எதிர்பார்த்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 165ஆம் பிரிவு என ஒன்றிருந்தது. தன் அலுவலோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்து ஈடு கொடாமலோ போதிய ஈடின்றியோ விலையுள்ள பொருளைப் பெறும் அரசூழியன் குற்றவாளி. அதற்குக் கைம்மாறாக ஒன்றும் செய்தான் எனக் காட்ட வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் அது 11ஆம் பிரிவாக இடம் மாறி, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும் நிற்கின்றது. இதே 165ஆம் பிரிவு கடல் கடந்து சிங்கப்பூரிலும் வாழ்கின்றது. அங்கே அது தமிழர் ஒருவர் மேலேயே பாய்ந்தது.

சிங்கப்பூரில் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் ஈசுவரன். பெருஞ்செல்வர் இருவரிடமிருந்து தானுந்துப் பந்தய நுழைவுச்சீட்டும், கால்பந்து, நாடக நுழைவுச்சீட்டும், தோகா நகருக்கு வானூர்திச் செலவும், மதுப்புட்டிகளும், மிதிவண்டியும் அவர் பெற்றார். மொத்த மதிப்பு ஏறத்தாழ 4 இலக்கம் வெள்ளி. அவர்கள் நண்பர்கள் என்றார். ஆயின் அவர்களுடைய தொழில் அவருடைய அலுவலோடு பின்னிக் கிடந்தது. முதலில் சாட்டப்பட்ட கையூட்டுக் குற்றச்சாட்டுகள் 165ஆம் பிரிவுக்கு மாற்றப்பட்டன; அவர் குற்றத்தை ஒப்பினார். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் 12 திங்கள் சிறை விதிக்கப்பட்டது. அரசு வழக்குரைஞர் கேட்டதினும் அது மிகுதி. என்ன கைம்மாறு செய்தார் என்னும் கேள்விக்கே அங்கு இடம் எழவில்லை. வாங்கியதே குற்றம். ஒரு தமிழர் பெயர் இவ்வாறு வெளிப்பட்டதில் மகிழ்ச்சிக்கு இடமில்லை. தமிழராயினும் அமைச்சராயினும் சட்டம் ஒன்றே என்பதில் பாடம் உண்டு.

இங்கும் அப்பாடம் எழுதப்பட்டுள்ளது. மேனாள் முதலமைச்சர் செயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கில், 1992ஆம் ஆண்டுப் பிறந்தநாளின்போது கட்சியினரும் பிறரும் தந்த அன்பளிப்பு எனச் சொல்லி, 2 கோடி உருவாவுக்கு மேற்பட்ட தொகை முறையான வருவாயாகக் காட்டப்பட்டது. பெங்களூர்த் தனி நயன்மன்றம் 2014இல் அதனை மறுத்தது. கருநாடக உயர் நயன்மன்றம் 2015இல் அதன் ஒரு பகுதியை ஏற்றது. உச்ச நயன்மன்றம் 2017ஆம் ஆண்டு பிப்பிரவரி 14ஆம் நாள் அதனை அறவே தள்ளியது. அரசூழியராக உள்ள ஒருவர்க்கு வரும் இத்தகைய அன்பளிப்பு சட்டத்தால் விலக்கப்பட்டது. வருமான வரி கட்டிவிட்டதனாலேயே அது முறையான பொருளாகிவிடாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. 2016 திசம்பரில் அவர் மறைந்துவிட்டமையால் அவரளவில் மேன்முறையீடு அற்றுப்போயிற்று. ஆயினும் அவ்விளக்கம் சட்டமாக நிற்கின்றது. கட்சி, குலம், புகழ் எதையும் பார்த்து இப்பாடத்தை மறைத்தலோ வளைத்தலோ தமிழ்த் தொண்டர்க்கு அழகன்று.

இவற்றையெல்லாம் அயலார் கற்றுத்தந்தனர் என்று எண்ண வேண்டா. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின், கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. அவ்வவை ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே இடம் தந்த பார்ப்பனர் அவை. அதன் மொழியிலும் வடசொல் மலிந்துள்ளது. அக்குறையை மறைத்துப் பெருமை பேச வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வடசொற் குவியலின் நடுவே 'கையூட்டு' என்னும் தமிழ்ச்சொல் ஒளிர்கின்றது. எவ்வகைக் கையூட்டுக் கொண்டவனும், கழுவாய் செய்து தூயவன் ஆனாலுங்கூட, அவன் உயிருள்ள அளவும் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படலாகாது என்பது அங்குள்ள கட்டளை. கணக்குக் காட்டாதிருந்தவனும் அவனுடைய உறவினரும் கூட விலக்கப்பட்டனர்.

அவ்வாரியங்களுள் ஒன்றன் பெயர் ஏரி வாரியம். ஊர்நீரைக் காப்பது அதன் வேலை. ஆயிரத்து நூறாண்டு கழித்து, காட்பாடியில் நீரைக் காக்க வைத்த அமைப்புக்கும் வாரியம் என்றே பெயர். சொல் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. ஏரி வாரியத்திற்கு அன்று இருந்த அளவுகோல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு இன்று வேண்டும் என்று கேட்பது மிகையா? குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவன் மீண்டும் நீர்க்காவலில் அமரலாகாது என்று கேட்பதற்கு நமக்குக் கல்லிலேயே சான்றுண்டு.

வாங்குகிறவரை மட்டும் ஏசிவிட்டுக் கலைந்துவிடுதல் எளிது. கொடுப்பவர் யார்? இவ்வவையில் இருப்போர்தாம். ஆலை வைத்திருப்போர், கடை வைத்திருப்போர், ஆவணம் பதிவோர், பட்டா மாற்றுவோர், மின்னிணைப்புக் கேட்போர். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கையூட்டுக் கொடுப்பவரும் குற்றவாளி. 7 ஆண்டுவரை சிறை உண்டு. வாங்குபவர்க்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுவரை. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ அறிவித்தால் அவர்க்கு அக்குற்றம் இல்லை. இந்த 7 நாளை நினைவில் வைப்பீராக. எட்டாம் நாள் முதல் நீங்கள் பாதிக்கப்பட்டவர் அல்லீர், பங்காளி ஆவீர்.

கொடுப்பதற்கு முன்னரே ஊழல் தடுப்புத் துறையை அணுகுவது அதனினும் நன்று. கேட்ட தொகைக்குரிய தாள்களில் பினாப்தலீன் என்னும் வேதிப்பொடியைத் தூவி, எண்களைக் குறித்துக்கொண்டு, சான்றாளர் முன்னிலையில் அவற்றைத் தருவர். தொட்ட கையைச் சோடியக் கார்பனேட்டுக் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். முறையிட்டவர் பின்னர் அச்சத்தால் பிறழ்ந்தாலோ இறந்தாலோ கூட வழக்கு மாள்வதில்லை. கேட்டதும் வாங்கியதும் சூழ்நிலைச் சான்றாலும் மெய்ப்பிக்கப்படலாம் என்று 2022ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் நாள் உச்ச நயன்மன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே ஒருவர் துணிந்தால் அவரோடு சட்டமும் நிற்கும்.

'கொடாவிட்டால் வேலை நடக்காதே!' என்று கேட்பீர்கள். மெய்தான். ஒருவர் மறுத்தால் அவர் கோப்பு உறங்கும். ஓர் ஊரே மறுத்தால் எத்தனை கோப்பை உறங்க வைக்க முடியும்? அன்று இயக்குநரின் உறுதிப் பத்திரமோ, பின்பு வந்த சட்டமோ தனித்து நின்று குழும ஊழியரைத் திருத்தவில்லை. விதி இருந்தது, கொடுப்பவரும் இருந்தனர், பெயர் மட்டும் மாறிற்று. கொடுப்பவர் உள்ளவரை எவ்விதிக்கும் ஒரு மாற்றுப்பெயர் கிடைக்கும்.

தமிழ் அன்பர் ஒவ்வொருவரும் இரண்டு உறுதி ஏற்பீராக. வருகின்ற தீவாளிக்கும் பொங்கலுக்கும், அலுவல் தொடர்புள்ள எவர் வீட்டு வாயிலுக்கும் பெட்டியோ உறையோ எடுத்துச் செல்வதில்லை என்பது ஒன்று. அரசுப்பணியில் உள்ள தமிழன்பர்கள், வந்ததை வாயிலிலேயே திருப்பி அனுப்புவது என்பது மற்றொன்று. ஐயம் எழுந்தால் ஒரே கேள்வி கேட்டுக்கொள்க: இவ்விருக்கையை விட்டு எழுந்த மறுநாளும் இப்பொருள் என் வீட்டுக்கு வருமா? வரும் என்றால் அது நட்பு. வாராதென்றால் அஃது இருக்கைக்கு வந்தது, இருக்கையோ மக்களுடையது.

அன்பளிப்பு என்னும் சொல்லை அன்புக்கே மீட்டுக்கொடுப்போம். கையூட்டைக் கையூட்டு என்றே அழைப்போம். சோழர் காலத்துக் கல்லில் வெட்டி வைத்த அச்சொல், இன்றும் ஒரு களவனின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஏற்ற கூர்மையோடுதான் இருக்கின்றது.

பாலாறு தூய்மையாகுக! தமிழ் வாழ்க! தமிழர் நிமிர்க!